குளிர்ந்த குழலின் முதற்குண்டு

இக்கட்டுரையை எழுத நேர்ந்ததற்குக் காரணம் ஒரு தவறான அறிமுகம். அண்மையில் டெக்சாஸ் மாநிலத்து ஃபிரிஸ்கோவில் எங்கள் தமிழன்பர்கள் கூடிய ஒரு மாலையில், பணி ஓய்வு பெற்றவர்கள் தத்தம் தொழில் வாழ்வைப் பற்றி இளையோர்க்குச் சில சொற்கள் சொல்ல வேண்டும் என்று ஏற்பாடு. மென்பொருள் துறையினரும் மருத்துவர் ஒருவரும் பேசி முடித்தபின், நிகழ்ச்சியை நடத்திய இளைஞர் ஒலிவாங்கியை என் பக்கம் நீட்டி, "அடுத்து நம்ம அங்கிள். இவர் அந்தக் காலத்துல பாம் ஃபேக்டரில ஒர்க் பண்ணவர்" என்றார். அவை சிரித்தது. அருகிலிருந்த என் மனைவி மங்கையர்க்கரசி, "பாம் இல்லப்பா, தோட்டா" என்று திருத்தினார். சிரிப்பு இன்னும் பெருகிற்று.

"அங்கிள், நீங்க ப்யூர் வெஜ் ஆச்சே? அப்புறம் எப்படி மான் சுடறதுக்குத் தோட்டா பண்ணீங்க?" என்று ஒரு பெண் கேட்டார். நல்ல வினா. அதற்கு விடை சொல்ல எனக்கு ஒதுக்கிய நேரம் போதவில்லை. அரைகுறையாய் ஏதோ சொல்லி அமர்ந்தேன். அந்த அரைகுறை விடையே நாளை என் வரலாறாக நின்றுவிடக் கூடாது. நான் அறிந்தவரை இத்தொழிலைப் பற்றித் தமிழில் எழுதியோரும் அரியர். ஆகவே நினைவில் உள்ளதை நினைவில் உள்ளபடி எழுதி வைக்கிறேன்.

கோவையில் உலோகவியல் கற்றேன். நியூ ஜெர்சிக்கு வந்து பித்தளைத் தகடு உருட்டும் ஆலை ஒன்றில் சில ஆண்டுகள் பணி செய்தேன். ஆலை மூடப்பட்டது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில், சான் அந்தோனியோவுக்கு வடமேற்கே குன்றுகள் நிறைந்த பகுதியில் ஒரு சிறு பட்டறைக்குப் பித்தளை அறிந்த ஒருவர் தேவை என்று கேள்வியுற்றுச் சென்றேன். என் கல்வியும் பயிற்சியும் இவ்வளவே.

பட்டறையின் உரிமையாளர் ஹார்லன். உயரமானவர், மூக்குக் கண்ணாடியைச் சட்டை நுனியால் ஓயாமல் துடைப்பவர். அவருடைய டெக்சாஸ் ஆங்கிலத்தை நம் பேச்சுத் தமிழிலேயே தருகிறேன். நூல்நடையில் பெயர்த்தால் அவர் ஆவி என்னை மன்னிக்காது. நேர்காணலில் அவர் என்னிடம் வேறெதுவும் கேட்கவில்லை. கழுத்தில் விரிசல் கண்ட ஒரு பித்தளைத் தோட்டா உறையை மேசையில் வைத்து, "இது ஏன் இப்படி ஆச்சு?" என்றார். மீண்டும் மீண்டும் சுட்டதால் பித்தளை இறுகிவிட்டது, கழுத்தை மட்டும் காய்ச்சி மென்மையாக்க வேண்டும் என்றேன். அவர் கண்ணாடியைத் துடைத்தார்.

"மான் கறி சாப்பிடுவியா?"

"மாட்டேன்."

"நல்லது. எங்க பங்கு கூடும். திங்கக்கிழமை வா, புரொபசர்."

நான் பேராசிரியன் அல்லேன் என்று எத்துணை முறை சொல்லியும் பயனில்லை. நான் அங்கிருந்த பத்தாண்டும் அப்பெயரே நிலைத்தது.

எங்கள் பணி இன்னதென்று சொல்ல வேண்டும். கடையில் விற்கும் தோட்டா எல்லாத் துப்பாக்கிக்கும் பொருந்துமாறு செய்யப்படுவது. ஆயின் ஒரே அச்சில் வார்த்தாற்போல் தோன்றும் இரு துப்பாக்கிகளுக்கும் குணம் வேறு. ஒன்று விரும்பும் வெடிமருந்தின் அளவை மற்றொன்று வெறுக்கும். வேட்டையாடுவோர் தம் துப்பாக்கியை எங்களிடம் ஒப்படைப்பர். அதற்கே உரிய தோட்டாவை நாங்கள் கையால் ஆக்கிக் கண்டறிந்து தருவோம். உறை, மருந்தைப் பற்றவைக்கும் எரியூட்டி, வெடிமருந்து, குண்டு ஆகிய நான்கும் சேர்ந்ததே தோட்டா. அந்நான்கின் பொருத்தம் பார்ப்பதே எங்கள் பிழைப்பு. திருமணத்துக்குப் பத்துப் பொருத்தம் பார்க்கிறோமே என்று மங்கையர்க்கரசியிடம் சொன்னபோது, "அதுல பாதி பொய்யாப் போகுது. உங்களுது எப்படி?" என்று கேட்டார்.

எங்களுடையது பொய்யாகாமல் இருக்கப் பாடுபட்டோம். என் மேசைக்கு வந்தவற்றுள் பெரும்பான்மை மேக்னம் வகைத் துப்பாக்கிகள். மிகுதியான வெடிமருந்தால் குண்டை மிகுவிரைவில் செலுத்துபவை. அத்தோட்டாவின் அடிப்புறத்தில் ஒட்டியாணம் போன்று பித்தளைப் பட்டை ஒன்று உண்டு. துப்பாக்கியின் அறைக்குள் தோட்டா அந்த ஒட்டியாணத்தைப் பற்றியே நிற்கும். அதை நம்பி, சுட்ட உறையை அச்சில் முழுதும் அமுக்கி மீண்டும் நிரப்பினால், கழுத்தை நோக்கிச் சரியும் அதன் தோளுக்கும் அறைச் சுவருக்கும் இடையே வெற்றிடம் விழும். அடுத்த வெடிப்பில் உறை அவ்விடத்துக்கு நீளும். சில முறை நீண்டபின் ஒட்டியாணத்துக்கு மேலே அறுந்துவிடும். ஆதலால் அச்சை மயிரிழை மயிரிழையாக இறக்கி, தோள் சுவரைத் தொடும் இடத்தில் நிறுத்துவோம். "ஒட்டியாணம் அழகுக்கு, தோள் வேலைக்கு" என்பது ஹார்லனுக்கு நான் பெயர்த்துச் சொன்ன எங்கள் பட்டறை மொழி. அவர் மிக விரும்பிப் பலரிடம் தம் சொந்த மொழியாகவே சொல்லித் திரிந்தார்.

பிறகு உறைகளை நிறுத்து ஒத்த எடையுள்ளவற்றைச் சேர்ப்பேன். வெடிமருந்தைச் சிறு தராசில் ஒவ்வொரு தோட்டாவுக்கும் தனித்தனியே நிறுப்பேன். குறைந்த அளவில் தொடங்கிச் சிறிது சிறிதாக ஏற்றி, உறையின் அடியில் அழுத்தத்தின் சுவடு தென்படுகிறதா என்று பார்ப்பேன். குண்டு குழலின் உட்சுவரில் வெட்டிய சுருள்வரையைத் தொடுவதற்கு எவ்வளவு முன்னே நிற்க வேண்டும் என்பதையும் துப்பாக்கியிடமே கேட்டறிய வேண்டும். அதன் மறுமொழி பட்டறைக்குப் பின்னே மண்மேட்டின் முன் நிறுத்திய இலக்கு அட்டையில் கிடைக்கும். குண்டுகள் ஓரிடத்தில் நெருங்கி விழுந்தால் பொருத்தம் உண்டு, சிதறினால் இல்லை.

ஹார்லன் பாராட்டி நான் கேட்டதில்லை. தொலைநோக்கியால் அட்டையைப் பார்த்து, "பேப்பர்ல ஓட்டை விழுந்திருக்கு" என்பார்; அதுவே உச்சப் புகழ்ச்சி. பிழை நேர்ந்தாலோ தம் கையால் காப்பி ஊற்றித் தருவார். அவர் காப்பிக் குடுவையை எடுத்தாலே நாங்கள் அவரவர் தராசை மறுபடி சரிபார்ப்போம்.

பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. அட்டையில் சுடுமுன், குழலைச் சூடேற்ற இரண்டு குண்டுகளை மண்மேட்டில் சுட்டுவிடுவோம். அவை கணக்கில் சேரா. "பேரலுக்கு குட் மார்னிங் சொல்லியாச்சா?" என்று ஹார்லன் கேட்பார். சொல்லியபின்னரே ஆய்வு தொடங்கும். அவர் தந்தை காலத்திலிருந்து வந்த வழக்கம். அதை ஐயுறுவதற்கு எங்களுக்குத் தோன்றவே இல்லை.

அவ்வழக்கத்தை ஐயுற வைத்தவர் மருத்துவர் சென்னியப்பன். எலும்பு முறிவு அறுவையில் பெயர் பெற்றவர், கோபிசெட்டிப்பாளையத்துப் பக்கத்துக்காரர். பட்டறையிலிருந்து ஒரு மணி நேரத் தொலைவில் மருத்துவம் செய்துவந்தார். கருவாலி மரங்களும் முட்புதர்களும் மண்டிய நிலம் ஒன்றை வாங்கி, அமெரிக்க நண்பர்களோடு பழகி, மான் வேட்டை கற்றவர். தமிழன் ஒருவன் தோட்டா செய்கிறான் என்று கேள்வியுற்று என்னைத் தேடி வந்தார். அவருடைய மேக்னத்துக்குத் தோட்டா கண்டறிந்து தந்தவன் நான். ஆண்டுதோறும் வேட்டை மாதமான நவம்பர் முடிந்ததும் தொலைபேசியில், "சார், வெச்ச எடத்துல போயி உக்காந்துச்சுங்க" என்று சொல்வார்.

ஓராண்டு அந்த அழைப்பு வரவில்லை. சனவரியில் துப்பாக்கியோடு அவரே வந்தார். முகம் வாடியிருந்தது.

"ஏனுங் சார், நல்லா இருக்கீங்களா? ஒரு காரியம் ஆகோணும். இந்த கன்ல ஏதாச்சும் கோளாறு இருக்குதான்னு பாத்துச் சொல்லோணும்."

அவருக்குக் கார்த்திகா என்று ஒரே மகள். ஆஸ்டினில் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். பள்ளி நாள் முதலே தந்தையோடு வேட்டைக்குச் செல்பவள். சிறு துப்பாக்கி வைத்திருந்தாள். அந்த நவம்பரில் முதன்முறையாகத் தந்தையின் மேக்னத்தை அவள் கையில் கொடுத்திருக்கிறார். இருநூறு கெஜத்தில் பெண்மான் ஒன்று அசையாமல் நின்றது. சுட்டாள். மான் தடுமாறிப் புதருக்குள் ஓடிற்று.

"ரத்தம் இருந்துச்சுங்க. பொழுது சாயற வரைக்கும் தேடுனமுங்க. மறுநா விடிஞ்சும் தேடுனம். கெடைக்கவே இல்லீங்க. காயத்தோட எங்க போயிக் கெடந்துச்சோ. புள்ள அன்னிக்கு கன்ன கீழ வெச்சவதான். 'ஐ ஆம் டன், அப்பா'ன்னு ஒரு வார்த்தை. இனி வர மாட்டாளாம்."

ஹார்லனுக்கு நான் ஆங்கிலத்தில் எடுத்துரைத்தேன். மருத்துவர் இடைமறித்து என்னிடம் மட்டும் தாழ்ந்த குரலில் சொன்னார்: "சார், ஊட்டுல அவளும் நானும் என்ன பேசறமுங்க? நான் தமிழ்ல கேப்பேன், அவ இங்கிலீஷ்ல 'யா, ஓகே'ம்பா. அவ்வளவுதான். அந்த மானுக்குக் காத்துட்டு மறைவுல உக்காந்திருக்கறப்ப பேச வேண்டியதில்லீங்க பாருங்க. பக்கத்துலயே இருப்பா. வருசத்துல அந்த ரெண்டு மூணு நாளுதானுங்க எனக்கு. அதும் போயிருச்சுன்னா..."

ஹார்லன் வழக்கமான வினாக்களைக் கேட்டார். துப்பாக்கி கீழே விழுந்ததா? இல்லை. துப்பாக்கிமேல் பொருத்திய தொலைநோக்கியின் திருகு தளர்ந்ததா? இல்லை. தோட்டா பழைய தொகுதியே தானா? ஆம். சுத்தமாக இருந்ததா?

"ஆபரேஷன் தியேட்டர் மாதிரி" என்றார் மருத்துவர், சற்றே பெருமிதத்தோடு. ஹார்லனும் நானும் மகிழ்ந்து தலையசைத்தோம். வினவிய எங்களுக்கே விடையின் பொருள் விளங்கவில்லை என்பதைப் பின்னர் உணர்ந்தோம்.

அந்தத் துப்பாக்கியை நான் ஆராய்ந்ததுபோல் வேறெதையும் ஆராய்ந்ததில்லை. திருகுகளைச் சோதித்தேன். மரத்தண்டு குழலை எங்கேனும் நெருடுகிறதா என்று மெல்லிய தாளை இடையே இழுத்துப் பார்த்தேன். அவர் பெட்டியில் மிஞ்சிய தோட்டாக்கள் சிலவற்றைப் பிரித்து மருந்தை நிறுத்தேன். எல்லாம் சரி. குழலுக்கு வணக்கம் சொல்லிவிட்டு அட்டையில் சுட்டேன். குண்டுகள் ஒன்றன் தோளில் ஒன்றாக விழுந்தன. "அந்தப் பொண்ணு சுட்டது சில்லுன்னு இருந்த பேரல்ல" என்று ஹார்லன் நினைவூட்டவே, சில நாட்கள் காலையில் ஒரே ஒரு குண்டை மட்டும், குழல் குளிர்ந்திருக்கையில் சுட்டேன். அவையும் நடுவிலேயே விழுந்தன.

ஹார்லன் அட்டையைப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்தார். காப்பி ஊற்றினார்.

"கன் பொய் சொல்லல, புரொபசர்."

அதாவது பிழை அப்பெண்ணின் கையில். அன்று வீட்டில் எனக்கு உணவு செல்லவில்லை. மங்கையர்க்கரசி காரணம் கேட்டறிந்து, "ஒரு அப்பாகிட்ட போய் உங்க பொண்ணு கைதான் ஆடுச்சுன்னு சொல்லப் போறீங்களா? தோட்டாவுல கோளாறுன்னு சொல்லிட்டுப் போங்களேன். உங்களுக்கு என்ன குறைஞ்சுடும்?" என்றார். குறைவது என் பெயர் என்றால் தாங்கியிருப்பேன். ஆயின் அப்பொய்யை நம்பி அவள் மீண்டும் வந்து, கை மீண்டும் தவறி, இன்னொரு மான் புண்பட்டு ஓடினால்? இதுவே ஃபிரிஸ்கோவில் அந்தப் பெண் என்னைக் கேட்ட வினாவுக்கும் விடை. நான் புலால் உண்ணாதவன். ஆனால் சுடுவது என்று ஒருவர் துணிந்துவிட்டால், அவ்வுயிர் நோவறியாமல் ஒரே நொடியில் வீழ வேண்டும். அந்த ஒரு நொடிக்காகவே அத்தனை நிறுவையும் அளவையும்.

சனிக்கிழமை மருத்துவர் வந்தார். துப்பாக்கியில் குறையில்லை என்று சொன்னேன். அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல இயலவில்லை. அட்டையைப் பார்த்துச் சொன்னேன்.

"அப்ப புள்ள கைதானுங்களா" என்றார். "அத நான் அவகிட்டச் சொல்ல மாட்டேனுங்க. கன்னுமேலதான் தப்புன்னு சொல்லிக்கறேன்."

அவர் தமிழில் சொன்னது ஹார்லனுக்கு எவ்வாறோ விளங்கிற்று. "நம்ப மாட்டா, டாக்டர். உங்க பொண்ணுதானே? நீங்களும் நம்பாமத்தான இதை இங்க கொண்டாந்தீங்க" என்றார்.

மருத்துவர் தம் பையிலிருந்து துடைப்புத் தண்டையும் எண்ணெய்ச் சீசாவையும் எடுத்தார். மேசையில் துப்பாக்கியைக் கிடத்தி, எண்ணெயில் தோய்ந்த துணியைக் குழலுக்குள் செலுத்தி, முன்னும் பின்னும் மெல்ல இழுத்தார். அறுவை மருத்துவரின் கை. ஒரு சொட்டு மேசையில் சிந்தவில்லை.

"எதுக்கு டாக்டர் இப்போ?"

"இனி எப்ப வெளிய எடுப்பனோ. துரு புடிச்சிரக் கூடாதில்லீங்க."

ஏன் கேட்டேன் என்று இன்றும் தெரியவில்லை. "வேட்டைக்குப் போறதுக்கு முன்னாலயும் இப்படித்தான் உள்ள எண்ணெய் போடுவீங்களா?"

"எனக்கா? எனக்கு அவ்வளவு பொறுமை ஏதுங்க. மேலோட்டமாத் தொடச்சுட்டு எடுத்துட்டுப் போயிருவேன். புள்ள சுடப் போறாளேன்னுதான் இந்தத் தடவை கெளம்பறதுக்கு மொத நா சாயங்காலம் உக்காந்து, உள்ள வெளிய எல்லாம் பளபளன்னு..."

அவர் சொல்லி முடிக்குமுன் ஹார்லன் எழுந்து நின்றுவிட்டார். "என்ன சொல்றார்?" என்றார். நான் சொன்னேன். "அதைத் துடைக்காதீங்க. அப்படியே எடுத்துட்டு வாங்க" என்று பின்வாசலைத் திறந்தார்.

எண்ணெய் மின்னும் அக்குழலோடு மணல் மூட்டையில் துப்பாக்கியைத் தாங்கி, இருநூறு கெஜத்தில் நடுப்புள்ளியைக் குறிவைத்துச் சுட்டேன். தொலைநோக்கியில் கண் பதித்திருந்த மருத்துவர் மூச்சை இழுக்கும் ஓசை கேட்டது. குண்டு நடுவில் இல்லை. நான்கு விரற்கடை மேலே, சற்று இடப்புறம். இரண்டாவது குண்டு நடுவை நெருங்கிற்று. மூன்றாவது நடுவிலேயே விழுந்தது. விலகியது, நாங்கள் நாள்தோறும் மண்மேட்டில் எறிந்துகொண்டிருந்த அந்த முதற்குண்டு. எங்கள் பட்டறையில் குழலை உலரத் துடைத்தே வைப்போம். ஆதலால் குளிர்ந்த குழலிலும் எனக்கு அது புலப்படவில்லை. எண்ணெய்ப் படலத்தின் மீது செல்லும் குண்டின் போக்கே வேறு.

ஒரு குண்டு சான்றாகாது என்றார் ஹார்லன். குழலைத் துடைத்து, எண்ணெய் பூசி, முற்றும் குளிரும்வரை காத்திருந்தோம். என் புளியோதரையை மூவரும் பகிர்ந்துண்டோம். ஹார்லன் மிளகாயைக் கடித்துவிட்டுக் கண்ணீரோடு கண்ணாடியைத் துடைத்தார். பிறகு ஒரு குண்டு. மீண்டும் துடைத்து, பூசி, காத்திருந்து மற்றொன்று. எண்ணெய்க் குழலின் முதற்குண்டுகள் மூன்றும் ஓர் உள்ளங்கைக்குள் அடங்கின, நடுவுக்கு மேலே. மானின் உடலில் நெஞ்சின் நடுவைக் குறிவைத்தால் அதற்கு மேலே, முதுகெலும்புக்குக் கீழே, உயிரை உடனே வாங்காத இடம் அது.

"புள்ள சரியாத்தான் சுட்டிருக்கறா" என்றார் மருத்துவர்.

"வெச்ச இடத்துல" என்றேன்.

அவர் அமர்ந்துவிட்டார். மகிழ்ச்சியும் துயரும் ஒருவர் முகத்தில் ஒருங்கே நிற்பதை அன்று கண்டேன். பின், "சார், நீங்க படிச்சவங்க, பக்குவமாச் சொல்லுவீங்க. நீங்களே அவகிட்ட..." என்று தொடங்கினார். ஹார்லன் சுவரில் மாட்டியிருந்த தொலைபேசியை எடுத்து அவர் கையில் வைத்தார். "எண்ணெய் போட்டவர் பேசணும்" என்றார்.

நாங்கள் வெளியே போக எண்ணினோம். மருத்துவர் கையசைத்து நிறுத்தினார். கார்த்திகாவின் குரல் கருவியைத் தாண்டி எங்களுக்கும் கேட்டது.

"கண்ணு, அப்பா பேசறேன். இல்ல சாமி, அம்மா நல்லா இருக்கறா. கன்ன செக் பண்ணியாச்சு. உன் கையில தப்பில்ல."

"அப்பா, ஆர் யூ ஜஸ்ட் சேயிங் தட்?"

"இல்ல கண்ணு. மொத நா நான் பேரலுக்குள்ள ஆயில் போட்டு வெச்சேன். அதனால மொத ஷாட் மேல போயிருச்சு. இங்க மூணு தடவை சுட்டுப் பாத்துட்டோம். சார் இருக்கறாரு, வேணும்னா கேளு."

"ஸோ இட் வாஸ் தி ஆயில்."

"ஆயில் இல்ல கண்ணு. நாந்தான்."

மறுமுனையில் அவள் அழுதாளா சிரித்தாளா என்று தெளிவாகக் கேட்கவில்லை. பிறகு ஏதோ ஒன்றைத் தாழ்ந்த குரலில் கேட்டாள். மருத்துவர், "அந்த மானுக்கு என்ன சொல்றதுன்னு எனக்கும் தெரியல சாமி" என்றார்.

அன்று முதல் பட்டறையின் வழக்கம் மாறிற்று. குழலுக்கு வணக்கம் சொல்லும் குண்டுகள் நின்றன. உலர்ந்து குளிர்ந்த குழலின் முதற்குண்டே முதலில் கணக்கில் சேர்ந்தது. தந்தை வழிவந்த வழக்கத்தைக் கைவிடுவது ஹார்லனுக்கு எளிதன்று. ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்திருந்தார். பின் யாரோ காரணம் கேட்டபோது, "மானுக்கு நாம குட் மார்னிங் சொல்லிட்டா சுடறோம்?" என்று, தாமே கண்டறிந்ததுபோல் சொன்னார். நாங்கள் யாரும் மறுக்கவில்லை.

அவ்வாண்டு வேட்டைப் பருவம் தொடங்குமுன் கார்த்திகாவே பட்டறைக்கு வந்தாள். மெலிந்த உருவம், குறும்பான கண்கள். "அங்கிள், அப்பாவைக் கிட்ட விடாதீங்க. அவர் க்ளீன் பண்ணிடுவார்" என்றாள். அவள் பேசி நான் கேட்ட தமிழ் அதுவே. மருத்துவர் இரு கைகளையும் முதுகுக்குப் பின்னே கட்டிக்கொண்டு தள்ளி நின்றார். உலர்ந்த குழலில் அவள் சுட்ட முதற்குண்டு நடுப்புள்ளியைத் தொட்டது. ஹார்லன் பார்த்துவிட்டு, "பேப்பர்ல ஓட்டை விழுந்திருக்கு" என்றார்.

நவம்பர் முடிந்து மருத்துவர் அழைத்தார். எத்துணைத் தொலைவில் சுட்டாள், குண்டு எங்கே பட்டது என்று ஆவலோடு வினவினேன்.

"சுடலீங்க சார்."

"ஏன், மான் வரலையா?"

"வந்துச்சுங்க. ரெண்டு தடவை வந்துச்சு. கன்ன எடுத்தா, பாத்தா, கீழ வெச்சுட்டா. நானும் ஒண்ணும் கேக்கலீங்க. மூணு நாளும் பக்கத்துலயே உக்காந்திருந்தமுங்க." சற்று நிறுத்தி, நான் வருந்துவேனோ என்று எண்ணினார் போலும், "தோட்டா நல்லாத்தான் இருந்துருக்குமுங்க சார்" என்றார்.

இவை நிகழ்ந்து ஆண்டுகள் பல ஆயின. குண்டு விலகியது இடப்புறமா வலப்புறமா என்பதிலும், உரையாடல்களின் சொற்களிலும் என் நினைவு வழுவியிருக்கலாம். தொழிற்சொற்களுக்கு நான் இட்ட தமிழில் பொருந்தாதன இருக்கலாம். துறையறிந்தோர் பிழை காணின் தயங்காது எழுதித் திருத்துக. மருத்துவர் சென்னியப்பனுக்கும் ஒரு படி அனுப்புகிறேன். அவர் இதைத் தம் மகளுக்கு உரக்கப் படித்துக் காட்டுவாராக. அவர் ஒன்றும் அவள் ஒன்றுமாகச் சொன்னால், அவள் சொல்வதையே திருத்தமாகக் கொள்வேன். அன்று விசையில் விரல் வைத்திருந்தவள் அவளே.